28,000 ரூபாவுக்கு 8 ஜிபி போன்: வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். டியூஷன் பாதி ஸூமில், நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப்பில். 35,000 ரூபாவுக்கு மேல் எங்களால் ஏலாது. கிளிநொச்சியில் ஒரு கடையில் நான் கேள்விப்படாத பெயரில் ஒரு போன் காட்டினார்கள். 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ், 50 மெகாபிக்சல் கமரா, விலை 28,000. அதே கடையில் பெயர் தெரிந்த கொம்பனி போன் 33,000, ஆனால் 4 ஜிபி, 64 ஜிபிதான். மகள் முதலாவதுதான் வேணும் என்று நிற்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?
(விசுவமடுவில் இருந்து ஒரு தாய்)

பதில்: வாங்கலாம் அக்கா. ஆனால் அந்த 8 ஜிபியை நம்பி வாங்க வேண்டாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் 8 ஜிபி என்று இருக்கும். பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பெட்டியின் பின்பக்கம் அடியில், கண்ணைச் சுருக்கி வாசிக்கிற எழுத்தில் 4 + 4 என்று போட்டிருப்பார்கள். அதாவது உண்மையான ரேம் (ஆப்கள் ஓடும்போது போன் பாவிக்கிற நினைவகம்) 4 ஜிபி. மற்ற 4 ஜிபி ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகம் ஸ்டோரேஜுக்கு வராது, அதிலும் இந்த விலைப் போன்களில் வருவது பெரும்பாலும் மெதுவான ஈஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு போனும் ரேமில் ஒன்றாகவே இருக்கக்கூடும். மகளின் படிப்புக்கு உண்மையான 4 ஜிபி போதும்.

50 மெகாபிக்சலையும் அப்படியே விட்டுவிடலாம். பின்னால் மூன்று வட்டம் தெரிந்தாலும் படம் எடுப்பது அநேகமாக ஒன்றுதான், மற்றவை அழகுக்கு. நோட்ஸைப் படம் பிடித்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா? கடையில் ஒரு பில்லைப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், அது போதும்.

உண்மையில் கேட்க வேண்டியது போனின் மூளையான சிப் எது என்பதை. யூனிசொக் டி606, மீடியாடெக் ஹீலியோ ஜி85 போன்றவை இருந்தால் ஸூம் வகுப்பு சிரமமில்லாமல் ஓடும். யூனிசொக் எஸ்சி9863ஏ என்றால் விட்டுவிடுங்கள். அது பழைய சிப், வட்ஸ்அப்போடு நின்றால் பரவாயில்லை, ஆசிரியர் திரையைப் பகிரும்போது திணறும். விற்கிற தம்பிக்குச் சிப்பின் பெயர் தெரியாவிட்டால், மொடல் பெயரைக் கூகிளில் அடித்து மகளே பார்க்கட்டும்.

இனி பெயர் விஷயம். கேள்விப்படாத பெயர் எல்லாம் ஒரே வகை இல்லை. ஐடெல், டெக்னோ, இன்ஃபினிக்ஸ் மூன்றும் டிரான்ஷன் என்ற ஒரே சீன நிறுவனத்தின் பிள்ளைகள். எங்கள் வீடுகளில் அந்தப் பெயர்கள் பழக்கமில்லாவிட்டாலும் ஆபிரிக்காவில் அவைதான் பெரிய பெயர்கள். இப்படி அறிமுகம் குறைந்த, ஆனால் பின்னால் ஆள் இருக்கிற பெயர்கள் ஒரு வகை. எவர் செய்தார், எவர் இறக்கினார் என்றே தெரியாத பெயர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு 15,000 கொடுத்தாலும் நட்டம்தான்.

முதல் வகையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ஆபிரிக்காவில் விற்ற டெக்னோ டபிள்யூ2 என்ற மலிவு மொடலில், பெட்டி திறக்கும்போதே உள்ளே இருந்த தீய மென்பொருள் பாவிப்பவருக்குத் தெரியாமல் கட்டணச் சேவைகளில் பதிந்து ரீலோட் காசைத் தின்றது 2020இல் வெளிவந்தது. தயாரிப்புச் சங்கிலியில் வேறு யாரோ செய்த வேலை என்றது கொம்பனி. அதனால் காசு கொடுக்க முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். பிளே ஸ்டோருக்குள் போய், மேலே இருக்கிற படத்தைத் தட்டி, செட்டிங்ஸில் அபவுட் பகுதியைத் திறந்தால், கூகிள் அந்தப் போனுக்குச் சான்று கொடுத்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். இல்லை என்று இருந்தால் வங்கி ஆப்கள் கூட இயங்காமல் போகலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு போனின் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு முந்திய திகதி என்றால் கொம்பனி அந்த மொடலை மறந்துவிட்டது என்று அர்த்தம். 2023இல் வந்த சாம்சங் ஏ05 அடிமட்ட விலைப் போன்தான், ஆனாலும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சொல்லித்தான் வந்தது. பெயர் தெரிந்த போனுக்கு நீங்கள் கூடக் கொடுக்கிற 5,000 பாதி இதற்குத்தான்.

மிச்சப் பாதி டிஸ்பிளேக்கு. வன்னியில் போன் வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் முதல் யோசிக்க வேண்டியது இதை. பிள்ளைகள் கையில் இருக்கிற போன் ஒரு நாள் சீமெந்து நிலத்தில் விழத்தான் செய்யும். பரவலாக ஓடுகிற மொடல் என்றால் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அன்றைக்கே டிஸ்பிளே மாற்றிவிடலாம். ஓடாத மொடல் என்றால் கொழும்பில் இருந்து வர வேண்டும். வரும் வரைக்கும் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. வந்த டிஸ்பிளேயும் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இதைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. போன் விற்கிற கடையில் கேட்க வேண்டாம், அங்கே எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வெளியே வந்து, கவரும் டெம்பர் கிளாஸும் தொங்கவிட்டிருக்கிற சின்னக் கடையில் மொடல் பெயரைச் சொல்லி டெம்பர் கேளுங்கள். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி எடுத்தால் அந்தப் போன் ஊருக்குள் ஓடுகிறது. வேறொரு மொடலின் டெம்பரை எடுத்து இது சரிவரும் என்று ஒட்டப் பார்த்தால் யோசியுங்கள். அப்படியே பக்கத்தில் திருத்துகிற தம்பியிடம் டிஸ்பிளே என்ன விலை என்றும் கேளுங்கள். போன் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தால் அந்தப் போன் மலிவில்லை.

சரி, எதை எடுப்பது? 28,000 போனுக்கு டெம்பரும் டிஸ்பிளேயும் ஊரிலேயே இருந்து, வாரண்டிக் கார்ட்டில் இலங்கை முகவரின் பெயரும் இருந்தால் மகள் சொல்வதையே எடுங்கள். முகவர் யார் என்று கேட்க, கடைக்காரர் எங்கள் கடை வாரண்டிதான், பயப்படாதீங்க என்று சிரித்தால் 33,000 போனை எடுங்கள். 64 ஜிபி காணாது என்று மகள் சொல்வாள். மெமரி கார்ட் போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வவுனியாவில் தெரிந்த ஒருவர் புதுப் போன் ஒன்றைக் கடை விலையை விட 6,000 ரூபா குறைத்துத் தருகிறேன் என்கிறார். வெளிநாட்டில் இருந்து வந்த சாமானாம், பில் இல்லை. போன் நல்லதாகத்தான் தெரிகிறது.
(மாங்குளம் வாசகர்)

பதில்: தம்பி, போன் நல்லதாகவே இருக்கலாம். அது இங்கே இயங்குமா என்பதுதான் கேள்வி. 2024 ஜனவரியில் இருந்து போன்களுக்கும் 18 வீத வற் வரி இருக்கிறது. வரி கட்டாமல் வந்த சாமான் மலிவாகத்தான் இருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவில்லாத போன்கள் 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதிதாக வலையமைப்பில் இணைய முடியாது என்று அந்த ஆணைக்குழு அறிவித்தது.

காசு கொடுக்க முன் அந்தப் போனில் *#06# அடியுங்கள். 15 இலக்கத்தில் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண் வரும், இரண்டு சிம் என்றால் இரண்டு எண். உங்கள் போனில் ஒரு மெசேஜ் திறந்து, ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்புங்கள். பதிவில் இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். பெட்டியில் ஒட்டியிருக்கிற எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள், வேறு போனின் பெட்டியைக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவில்லை என்று வந்தால் 6,000 இல்லை, 16,000 குறைத்தாலும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயலுக்குள் நின்றால் டவர் கிடைப்பதில்லை. எந்த பிராண்ட் போன் நன்றாகச் சிக்னல் இழுக்கும்?
(துணுக்காயில் இருந்து ஒரு விவசாயி)

பதில்: ஐயா, பிராண்டை விட சிம்தான் முக்கியம். பக்கத்து வயல்காரரின் சிம்மை வாங்கி உங்கள் பழைய போனிலேயே போட்டுப் பாருங்கள். அதில் எடுத்தால் புதுப் போனே தேவைப்படாது.

அப்படியும் வாங்குவதென்றால் பாண்ட் 8 இருக்கிறதா என்று கேளுங்கள். 4ஜி அலைகளில் 1800 மெகாஹெர்ட்ஸ் பாண்ட் 3, அது அநேகமாக எல்லாப் போனிலும் இருக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் பாண்ட் 8, அது தூரமும் போகும், மரஞ்செடிக்குள்ளும் ஓரளவு நுழையும். வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்த சில மலிவுப் போன்களில் அது இல்லாமல் வரும். உங்களுக்கு இன்னொன்றும் தேவைப்படும், திரை வெளிச்சம். கடைக்குள் பளபளவென்று தெரிகிற திரை, மத்தியான வெயிலில் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். போனைக் கடை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் ஒரு நம்பர் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: தவணைக்கு எடுக்கலாமா?
(முள்ளியவளை வாசகி)

பதில்: முதல் கட்டுவதையும் எல்லா மாதத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஆயிரம், இரண்டாயிரம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்குங்கள். நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்டது காணும், ஒரு போனுக்காக இன்னொரு கொப்பியில் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: நான் வாங்கிய போனின் திரை இரண்டாம் மாதமே கறுத்துப் போய்விட்டது. ஒரு வருட வாரண்டி. கடைக்காரர் தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி இல்லை என்கிறார். தண்ணீர் படவே இல்லை. என்ன செய்வது?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: தண்ணீர் பட்டதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். பல போன்களுக்குள், சிலவற்றில் சிம் போடுகிற பொந்துக்குள்ளேயே, ஒரு சின்ன வெள்ளை ஒட்டி இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்திருந்தால் வாதாடுவது கஷ்டம். வெள்ளையாகவே இருந்தால் அவர் முன்னாலேயே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனை அவரிடம் விட்டுவிட்டு வருவதென்றால், ஐஎம்இஐ எண்ணும் திகதியும் எழுதிய துண்டு ஒன்று வாங்காமல் வர வேண்டாம்.

வாரண்டிக் கார்ட்டில் முகவரின் பெயர் இருந்தால் கடையை விட்டுவிட்டு நேரே அவர்களோடு கதையுங்கள். சில நேரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. ஆனால் போனில் சொன்னதோடு நிற்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, போனை வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது, கடைக்காரர் அடுத்த கிழமை வாங்க, அதற்கு அடுத்த கிழமை வாங்க என்று இழுப்பதும் இதனால்தானோ என்னவோ.

கடிதம் நீளமாக வேண்டாம். கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, விலை, மொடல், ஐஎம்இஐ எண், பழுது எப்போது வந்தது, கடைக்காரர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும் (திருத்தமா, வேறு போனா, காசா) இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதினால் சரி. பில்லினதும் வாரண்டிக் கார்ட்டினதும் போட்டோக் கொப்பியை மட்டும் இணையுங்கள், மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். முல்லைத்தீவுக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபாலில் போடுங்கள்.