டிவர்ட்டன்–ஹொனிட்டன் தொகுதி எங்கே போயிற்று?

பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கான 2022 இடைத்தேர்தலில் ரிச்சர்ட் ஃபோர்ட் வென்ற டிவர்ட்டன்–ஹொனிட்டன் தொகுதி 2024 பொதுத்தேர்தல் முடிவுகளில் இல்லையே, அவர் தோற்றுவிட்டாரா எனக் கேட்டிருந்தீர்கள். அவர் தோற்கவில்லை, தொகுதிதான் மறைந்தது. 1997இல் உருவாகி, கால் நூற்றாண்டு கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்த அந்த டெவன் கிராமப்புறத் தொகுதியில், 24,239 வாக்குகள் என்ற முந்தைய வித்தியாசத்தைத் தகர்த்து, 6,144 வாக்குகள் கூடுதலாகப் பெற்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளரான ஃபோர்ட் வென்றார். 2024 எல்லைச் சீரமைப்பில் ஹொனிட்டன் பகுதி சிட்மத்துடனும், டிவர்ட்டன் பகுதி மாவட்ட எல்லையைத் தாண்டி சாமர்செட்டின் மைன்ஹெட்டுடனும் (எனக்குச் சற்று வலிந்த இணைப்பாகவே படுகிறது) சேர்ந்தன. ஹொனிட்டன்–சிட்மத்தில் ஃபோர்ட், அண்டைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த சைமன் ஜப்பை வென்றார்; டிவர்ட்டன்–மைன்ஹெட்டிலும் ஃபோர்டின் கட்சியைச் சேர்ந்த ரேச்சல் கில்மோரே வென்றார். ஆகவே, உங்கள் அட்டவணையில் பழைய வாக்கு விழுக்காட்டை இவ்விரண்டில் எதனுடனும் நேரடியாக ஒப்பிட வேண்டாம். புதிய எல்லைகளுக்கேற்பக் கணக்கிடப்பட்ட 2019 உத்தேச முடிவுகளையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.