கொம்பு விலகாத தமிழ் ஸ்டிக்கருக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் ஒட்டுசுட்டான் பக்கம் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். டயறியில் ஒட்டுகிற சின்னச் சின்ன ஸ்டிக்கர்களைத் தமிழில் செய்கிறேன். "சீட்டுக்காசு", "கிளினிக்", "கரண்ட் பில்", "உரம் போட" என்று அன்றாடச் சொற்கள்தான். போனில் கீறி, புதுக்குடியிருப்பில் ஒரு கொமினிகேஷனில் பிரிண்ட் எடுக்கிறேன். போனில் வடிவாகத் தெரிகிறது, தாளில் எழுத்து மங்கிப் போகிறது. ஒருமுறை கடைக்காரர் தன் கொம்பியூட்டரில் திறந்தபோது கொம்பெல்லாம் இடம் மாறி நின்றது. கனடாவில் இருக்கும் மச்சாள் தன் சிநேகிதிகள் வாங்குவார்கள் என்கிறா. அடோபியின் இலஸ்ட்ரேட்டர் மென்பொருள் இல்லாமல் இந்த வேலை சரிவராது என்று தெரிந்த அண்ணா ஒருவர் சொல்லி, அதைக் காசில்லாமல் பென் டிரைவில் தருவதாகவும் சொல்கிறார். கன்வா செயலியின் காசுப் பதிப்பான புரோவுக்கு மாதாமாதம் கட்டச் சொல்கிறா என் தோழி. என்னிடம் 4 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப் ஒன்றுதான் இருக்கிறது. எதை எடுப்பது? வெட்டும் மெஷினும் வாங்கவேண்டுமா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அன்புத் தங்கச்சி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். லப்டொப்பில் இன்க்ஸ்கேப் என்ற இலவசக் கீறும் மென்பொருளைப் போடுங்கள். போனில் கன்வாவின் இலவசப் பதிப்பு இருக்கட்டும். இலஸ்ட்ரேட்டர் இப்போதைக்கு வேண்டாம். பென் டிரைவில் வருகிற இலஸ்ட்ரேட்டர் எப்போதைக்கும் வேண்டாம்.

எழுத்து மங்குவதும் கொம்பு விலகுவதும் இரண்டு வேறு பிரச்சினைகள். மென்பொருளை மாற்றினால் மட்டும் இரண்டும் போய்விடாது. ஏன் வருகின்றன என்று தெரிந்தால்தான் எந்த மென்பொருள் உங்களுக்குப் பொருந்தும் என்பதும் பிடிபடும்.

மங்குவதை முதலில் பார்ப்போம். போனில் கீறும் செயலிகள் பெரும்பாலும் படத்தைப் புள்ளிகளாக, அதாவது பிக்ஸலாகத்தான் சேமிக்கின்றன. பலரும் தொடங்குவது 1080 க்கு 1080 பிக்ஸல் சதுரத்தில். அச்சில் எழுத்துக் கூர்மையாக விழ ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். அந்தக் கணக்கில் 1080 பிக்ஸல் 9 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். ஒரு ஸ்டிக்கருக்கு அது தாராளம். ஆனால் அந்தச் சதுரத்துக்குள்ளேயே இருபது முப்பது ஸ்டிக்கரை அடுக்கி, ஏ4 தாளின் 210 மில்லிமீற்றர் அகலத்துக்கு இழுத்துவிட்டால் அங்குலத்துக்கு 130 பிக்ஸல்தான் மிஞ்சுகிறது. தமிழின் சுழிகள் முதலில் அடைபடுவது அங்கேதான். முழு ஏ4 தாளுக்கு 2480 க்கு 3508 பிக்ஸல் வேண்டும் என்பதை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள். இன்னொன்று, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறீர்களா? வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கோப்பாக, டொக்கியுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். இதை மட்டும் செய்தாலே அடுத்த தாளில் வித்தியாசம் தெரியும்.

கொம்பு விலகும் கதை வேறு. யூனிகோட்டில், அதாவது இன்றைய போன்களும் கொம்பியூட்டர்களும் பாவிக்கும் பொது எழுத்து முறையில், "கொ" என்று எழுதும்போது கோப்புக்குள் "க" முன்னும் அதன் உயிர்க்குறி பின்னும் இருக்கின்றன. அதை இரண்டு பக்கமும் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும். நம் ஊர் அச்சுக்கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் அதிகம் புழங்குகிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய முறை. அதனால் பழைய போட்டோஷொப்பிலும் கோரல்டிராவிலும் அது சிக்கலில்லாமல் வரும். உங்கள் யூனிகோட் தமிழைக் கண்டால்தான் அந்தக் கொம்பியூட்டர் தடுமாறும். கடைக்காரரில் பிழையில்லை. எழுத்தை எழுத்தாகவே கொடுக்காமல், உருவமாக மாற்றிக் கொடுப்பதுதான் வழி.

இன்க்ஸ்கேப்பைச் சொல்வதற்கு இதுதான் முதற்காரணம். 2003 இலிருந்து வளர்ந்துவரும் இலவச மென்பொருள் அது. யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். எழுதி முடித்ததும் அந்தச் சொல்லைத் தெரிவுசெய்து, "பாத்" பட்டியலில் உள்ள "ஒப்ஜெக்ட் டு பாத்" என்பதை அழுத்தினால் எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும். பிறகு உலகத்தில் எந்தக் கடையில் திறந்தாலும் கொம்பு அசையாது. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகையால் மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள். கோடுகள் பிக்ஸலாக இல்லாமல் கணக்காகவே சேமிக்கப்படுவதால் எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் மங்காது.

ஸ்டிக்கர் தாள் செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. "குளோன்" என்று பெயர். ஒரு "கிளினிக்" ஸ்டிக்கரைச் செய்து அதிலிருந்து இருபத்துநாலு குளோன் எடுத்து வரிசையாக அடுக்கலாம். பிறகு மூலத்தில் நிறத்தை மாற்றினால் இருபத்துநாலும் தானாக மாறும். சுற்றிவர வெள்ளை ஓரம் வேண்டுமென்றால் "அவுட்செட்" கட்டளை உருவத்தை வெளிப்பக்கமாக விரித்துத் தரும். வெட்டுக்கோடு போடுவதற்கும் அதுவே. நீங்கள் கையால் கீறியதைப் போனில் படமெடுத்து "ட்ரேஸ் பிட்மப்" மூலம் கோட்டுருவமாக்கலாம். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் கீறி, பகல் வெளிச்சத்தில் எடுத்தால் சுத்தமாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு இணையம் தேவையில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா முடிந்த இரவிலும் வேலை செய்யலாம். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கிற இடங்களில் இருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பலர், அதனால் இதை நான் சின்ன விசயமாக எண்ணுவதில்லை.

குறையும் உண்டு. அச்சகத்துக்குரிய நாலு மை நிறமுறையில் இன்க்ஸ்கேப் பலவீனம். போனில் ஒளிர்கிற வாடாமல்லி நிறமும் இளம்பச்சையும் தாளில் அடங்கித்தான் வரும். முதலில் உங்களுக்குப் பிடித்த நிறங்களை மட்டும் கட்டம் கட்டமாக ஒரு தாளில் அடித்துப் பாருங்கள். அதில் நன்றாக விழுந்த நிறங்களையே எப்போதும் பாவியுங்கள். தொடக்கத்தில் பட்டியல்கள் குழப்பும், 4 ஜிபி லப்டொப்பில் பெரிய கோப்பு கொஞ்சம் இழுக்கும். மற்றச் செயலிகளை மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

கன்வா கைக்கு இலகு. போனிலேயே முடியும், தமிழ் எழுத்துருக்களும் இருக்கின்றன, கோப்பு அளவை நாமே மில்லிமீற்றரில் கொடுக்கலாம், அச்சுக்கான பிடிஎஃப்பும் இலவசமாக இறக்கலாம். ஆனால் ஸ்டிக்கருக்கு மிகவும் வேண்டிய மூன்று விசயங்கள் புரோவில்தான்: பின்புலமில்லாத பிஎன்ஜி படம், எஸ்விஜி என்ற கோட்டுருவக் கோப்பு, சொந்த எழுத்துருவை ஏற்றுவது. உங்கள் தோழி காசு கட்டச் சொல்வது இதற்காகத்தான் இருக்கும். இன்க்ஸ்கேப்பில் இந்த மூன்றும் காசில்லாமல் கிடைக்கும்போது மாதச் சந்தா எதற்கு? கன்வாவை விற்பனைப் படம், விலைப்பட்டியல், மச்சாளுக்கு அனுப்பும் மாதிரிகள் செய்யப் பாவியுங்கள். விற்கிற ஸ்டிக்கரில் கன்வாவின் படங்களை அப்படியே போட்டு விற்கக்கூடாது என்பது அவர்களின் உரிம விதி. நீங்கள் கீறுகிறவர், உங்களுக்கு அது தேவையும் இல்லை.

இலஸ்ட்ரேட்டர் திறமான மென்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் தமிழ் ஒழுங்காக வர, எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான கொம்போசரை, அதாவது எழுத்துகளை அடுக்கும் முறையைத் தெரிவுசெய்யவேண்டும். செய்யாவிட்டால் அதே கொம்புப் பிரச்சினைதான். சந்தா டொலர் கணக்கில் நடக்கிறது. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ஐத் தாண்டியபோது, வெளிநாட்டுச் சந்தாவில் தொழில் செய்தவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கட்ட முடியாத மாதம் உங்கள் சொந்தக் கோப்பையே திறந்து திருத்த முடியாது. முன்பள்ளிச் சம்பளத்தில் அந்தச் சுமையை ஏற்ற உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பென் டிரைவில் வரும் திருட்டுப் பிரதியைப் பற்றி நேராகச் சொல்கிறேன். அதை நிறுவ வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு லப்டொப். அது போனால் வேலையும் போகும், பிள்ளைகளுக்குக் கீறி வைத்ததும் போகும். அதோடு நாளைக்கு உங்கள் ஸ்டிக்கரை ஒருவர் களவாக அச்சடித்து விற்றால் நெஞ்சு எரியும் அல்லவா? மற்றவர் உழைப்பையும் அந்த மாதிரியே பாருங்கள். அந்த அண்ணா உதவியாகத்தான் சொல்லியிருப்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2024 இல் கன்வா நிறுவனம் அதை வாங்கி, 2025 ஒக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. அச்சு வேலைக்கு இன்க்ஸ்கேப்பைவிடத் தேர்ந்தது. ஆனால் அதன் முந்திய பதிப்புகளில் தமிழ் எழுத்துச் சேர்க்கை சரியாக வந்ததில்லை, உங்கள் லப்டொப்புக்கும் அது பாரம். நல்ல கொம்பியூட்டர் கிடைக்கும் நாளில் நிறுவி, "கொடியேற்றம்" என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புதிய மென்பொருளுக்கும் இந்தச் சொல்லையே சோதனையாக வைக்கலாம். புரோகிரியேட் என்ற கீறும் செயலி ஐபாட், ஐபோனுக்கு மட்டும் உரியது, விட்டுவிடுவோம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், பாலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார் ஆகியவற்றை கூகுள் எழுத்துருப் பக்கத்தில் இறக்குங்கள். திறந்த உரிமம் கொண்டவை, ஸ்டிக்கராக அடித்து விற்கத் தடையில்லை. சின்ன ஸ்டிக்கருக்கு எனக்குப் பிடித்தது பாலூ தம்பி, தடித்த எழுத்து, சுழி அடைபடாது. கவிவனார் கையெழுத்துப்போல் சாய்ந்து அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பெரிதாகப் போட்டால்தான் எடுபடும். 7 பொயின்ட்டுக்குக் கீழே தமிழை இறக்காதீர்கள். கனடாவில் புழங்கும் நெடுங்கட்டப் பிளானர்கள், அதாவது நாளைத் திட்டமிடும் டயறிகள் பலவற்றில் ஒரு நாளின் கட்டம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் அகலம். அதற்குள் "வெள்ளிக்கிழமை" நெரியும், "வெள்ளி" போதும். மச்சாளிடம் சொல்லி அவர்களின் டயறிக் கட்டத்தை அடிமட்டத்தால் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஊகத்தில் செய்யவேண்டாம்.

தாளில் கவனமாக இருங்கள். பிளானர் ஸ்டிக்கரின் மேல் பேனையால் எழுதுவார்கள். மினுங்கும் தாளில் பேனை வழுக்கும், மட் தாள்தான் சரி. கடையில் இருப்பது லேசரா இங்க்ஜெட்டா என்று கேட்டுத் தாள் வாங்குங்கள். இங்க்ஜெட்டுக்கான ஸ்டிக்கர் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டில் பசை இளகி உள்ளே ஒட்டும், கடைக்காரருக்கு நட்டம். மாரி காலத்தில் தாளைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள், ஈரம் பிடித்தால் சுருளும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சொற்கள். "உரம் போட" என்று ஒரு ஸ்டிக்கரைக் கடையில் விற்கிற எந்தப் பிளானர் தொகுப்பிலும் நான் கண்டதில்லை. அங்கே கோப்பிக் கோப்பையும் பனிமனிதனும்தான். இன்னும் செய்யுங்கள். காலபோக விதைப்பு, அறுவடை, சிறுபோகத் தண்ணீர்க் கூட்டம். போயா விடுமுறை. வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. புலமைப்பரிசில் பரீட்சை. முத்தையன்கட்டுக் குளத்துக் கட்டு, பாலைப்பழக் காலம். பயண நாளுக்கு முறிகண்டிக் கச்சான் சுருள். ஏ9 வீதியில் ஒருமுறையாவது பஸ்ஸில் போனவர், ரொறன்ரோவில் இருந்தாலும், அந்தச் சுருளை உடனே அடையாளம் காண்பார். மென்பொருள் எவரிடமும் இருக்கும், இவற்றைக் கீற உங்களைப்போல் அங்கே வாழ்கிற ஒருவர் வேண்டும்.

வெட்டும் மெஷின் இப்போது வேண்டாம். ஸ்டிக்கர்களை நேர்கோட்டுப் பெட்டிகளாக அமைத்தால் அடிமட்டமும் கட்டரும் போதும், மூலையை வட்டமாக்கும் சின்னப் பஞ்ச் ஒன்று வாங்கலாம். மாதாமாதம் ஓடர் வரத் தொடங்கிய பிறகு மெஷினைப் பற்றி யோசியுங்கள். அப்போது இரண்டு விசயம் பாருங்கள். சிலூயெட் என்ற வெட்டும் மெஷினின் இலவச மென்பொருள் எஸ்விஜியைத் திறக்காது. இன்க்ஸ்கேப்பில் டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு கோட்டுருவக் கோப்பாகச் சேமித்துக் கொடுக்கவேண்டும், அல்லது மேல்பதிப்புக்குக் காசு கட்டவேண்டும். கிரிக்கட் என்ற இன்னொரு வெட்டும் மெஷினின் மென்பொருள் எஸ்விஜியை இலவசமாகவே ஏற்கும், ஆனால் இணையத்தை அதிகம் நம்பியிருக்கிறது. மச்சாள் கனடாவில் வாங்கி அனுப்புவதானால், பவர் அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

இந்த வார இறுதியில் ஒரு ஏ4 தாள் மட்டும் செய்யுங்கள். "சீட்டுக்காசு", "கொடியேற்றம்" இரண்டையும் 7, 9, 12 பொயின்ட்டில், மூன்று எழுத்துருவில் எழுதி, உருவமாக மாற்றி, பிடிஎஃப்பாக பென் டிரைவில் கொண்டுபோய் அதே கொமினிகேஷனில் அடியுங்கள். "100 சதவீதம்" என்ற அளவில் அடிக்கச் சொல்ல மறக்கவேண்டாம், "தாளுக்குப் பொருத்து" என்று விட்டால் உங்கள் 38 மில்லிமீற்றர் சுருங்கிவிடும். அந்தத் தாளின் ஒரு பிரதியை எனக்கும் தபாலில் போடுங்கள், எந்த எழுத்துரு எடுபடுகிறது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.