ஊட்டியில் தண்ணீர் 100-க்குப் போகாது, கேஜில் கோளாறு இல்லை

நண்பரே, பைக்கில் எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் ஆயில் டெம்பரேச்சர் கேஜை மாட்டும் முன் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தால் 93-தான் காட்டுகிறது, திருப்பி அனுப்பிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்கள் இருப்பது ஊட்டி, ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். அங்கே தண்ணீர் 92, 93-லேயே தளதளவென்று கொதித்துவிடும். உங்கள் கேஜ் சரியாகத்தான் சொல்கிறது.

இது டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, கழற்றிவிட்டு அதே இடத்தில் திருகுகிற வகை என்பதால், பழையதையும் இதையும் பக்கத்தில் வைத்து நீளத்தைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். குட்டையாக இருந்தால் முனை ஆயிலைத் தொடாது, உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் காட்டும். நீளமாக இருந்தால் சுற்றுகிற பாகத்தில் இடிக்கும். கையாலேயே மெதுவாகத் திருகுங்கள். முட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள், ஆயில் கசிந்து பின் டயரில் பட்டால் கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்கிவிடும்.

அப்புறம், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவும் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரில் ஏறும்போது ஏர்கூல்ட் (காற்றால் குளிரும்) எஞ்சினில் 110, 120 வருவது சகஜம், பயப்படாதீர்கள். 130-ஐத் தாண்டியும் முள் ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள்.