மாதத்துக்கொரு மாதிரி வரையும் மகளின் அம்மாவுக்கு

ஜனவரியில் ஜப்பானிய அனிமே, மார்ச்சில் வாட்டர் கலரில் கோயில் தேர், இப்போது கறுப்பு மையில் வெறும் கோடுகள். பி.எஃப்.ஏ. என்ற ஓவியப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளிடம் வகுப்பில் யாரோ "உனக்குன்னு ஒரு ஸ்டைலே இல்லையே" என்று சொல்லிவிட, இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பி.காமுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா. முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள்.

கே.சி.எஸ். பணிக்கர் பெயரை அவள் கேள்விப்பட்டிருப்பாள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். இளமையில் அவர் வரைந்தது நிலக்காட்சிகள். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது வேறு: ஜாதகக் கட்டம் போலவும் கணக்கு நோட்டு போலவும், படிக்க முடியாத எழுத்துகள் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. அதை அவர் தொடங்கியது 1963-இல். பிறந்தது 1911-இல். நீங்களே கழித்துப் பாருங்கள். உங்கள் மகளுக்கு இப்போதுதான் பத்தொன்பது.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தையும் சொல்ல வேண்டும். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். ஒரே மனிதரைத் திரும்பத் திரும்ப வரையும்போது, உருவத்தைப் பற்றிய கவலை விட்டுப்போய் கோடு தன் வழியில் ஓடத் தொடங்குகிறது. அந்தக் கோட்டுக்காகவே பேர் வாங்கியவர், பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போய்விட்டார். பாணி கிடைத்தாலும் அதிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அதனால் மகளிடம் "ஸ்டைல் தேடு" என்று சொல்லாதீர்கள். ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரே பொருள். தெருமுனை இளநீர் வண்டியே போதும். முப்பது நாள், தேதி போட்டு வரையட்டும். பத்தாம் நாள் சலிக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு வேண்டும். முடிந்ததும் முப்பதையும் தரையில் பரப்பிப் பார்க்கட்டும். அவள் நினைக்காமலே எல்லாவற்றிலும் வந்துபோகும் ஏதோ ஒன்று இருக்கும். வண்டியை விட்டு நிழலை மட்டும் அழுத்தி வரைந்திருப்பாள், அல்லது ஆளைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளியிருப்பாள். அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடித்த ஓவியரைப் பார்த்து வரைவதும் தப்பில்லை. யாரைப் பார்த்து வரைந்தது என்று அடியில் எழுதிவிட வேண்டும், வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் வைக்கக் கூடாது.

சரி, வேலை? அனிமேஷன், கேம் ஸ்டுடியோக்களில் சேர்ந்ததும், படம் எந்தப் பாணியோ அந்தப் பாணியில்தான் வரையச் சொல்வார்கள். மாதத்துக்கொரு மாதிரி வரைகிற கை அங்கே பலம்தான். சிறுவர் படக்கதைப் புத்தகம் வேறு. சென்னையிலேயே தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் இருக்கின்றன. இருபது முப்பது பக்கமும் ஒரே கையால் வந்ததாகத் தெரிய வேண்டும். முதல் பக்கத்துச் சிறுமி கடைசிப் பக்கத்தில் வேறு ஆளாகிவிடக் கூடாது. எந்தப் பக்கம் போவது என்பதை நான்காம் ஆண்டில் முடிவு செய்தால் போதும்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனிடம், லைக் நிறைய வருகிற பாணியையே பிடித்துக்கொள் என்றேன். பெரிய கண், சின்ன உடம்பு. ஆர்டர்களும் வந்தன. மூன்று வருடம் கழித்து வந்தவனுக்கு ஒரு கிழவரின் கையை வரையத் தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டான். அந்த மூன்று வருடம் என் கணக்கில்தான்.

விடுமுறையில் அவளை அழைத்து வாருங்கள். போனில் இருக்கும் படங்கள் வேண்டாம். ஸ்கெட்ச் புக்குகளை அப்படியே கொண்டுவரட்டும், பிடிக்காத பக்கங்களைக் கிழிக்காமல்.