அப்பச்சியின் கையெழுத்து
வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் எழுதியுள்ள சிறுகதையில், நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வளவு வீடு வருகிறது. பொது அறையில் பூட்டியிருந்த பித்தளை, வெள்ளிச் சாமான்களைத் தன் அப்பச்சியே (அப்பாவே) இரவில் வண்டியேற்றி விற்பதை 12 வயதுச் சிறுவன் பார்த்துவிடுகிறான். பழியோ, 30 ஆண்டுகளாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்மேல் விழுகிறது. சிறுவன் தன் ஐயாவிடம் (தாத்தாவிடம்) உண்மையைச் சொல்வதாக முடித்திருக்கிறேன். "பெற்றவரைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளையும் ஒரு பிள்ளையா?" என்று என் மனைவி கோபிக்கிறார். சொல்லாமல் விட்டால் அது கோழைத்தனம் என்கிறார் நண்பர். எந்த முடிவு சரி? கதையின் படியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கதையை இரண்டு முறை படித்தேன். உங்கள் வீட்டில் நடக்கும் வாதம் முடிவைப் பற்றியது. குறை இருப்பதோ தொடக்கத்தில். முதல் பத்தியிலேயே அப்பச்சி கடுகடுவென்று வருகிறார், மகனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுவதில்லை. அப்படிப்பட்டவரைக் காட்டிக்கொடுப்பதில் அந்தப் பிள்ளைக்கு என்ன இழப்பு இருக்கிறது? அவன் தவிப்பதாக நீங்கள் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அந்தத் தவிப்பு எட்டவில்லை.

பிள்ளையின் மனச்சாட்சி வானத்திலிருந்து விழுவதில்லை. பிறர் பொருளைத் தொடாதே, பொய் சொல்லாதே, கணக்கில் ஒரு காசு விட்டுப்போனாலும் தேடிக் கண்டுபிடி என்றெல்லாம் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த வீடுதான். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் அப்பச்சியும் ஐயாவுமே அதைச் சொல்லியிருப்பார்கள். ஆகவே, எவர் அவனுக்கு அறத்தைக் கற்பித்தாரோ அவரே அதை மீறுவதை அவன் காண நேர்கிறது என்பதுதான் இவ்வகைக் கதைகளின் உண்மையான துயரம். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அவரை இழக்க வேண்டும், அவரைக் காப்பாற்றினால் அவர் சொன்ன சொல்லை இழக்க வேண்டும்.

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் அமெரிக்காவில் 1885இல் வெளிவந்தது. அதில் வரும் சிறுவனுக்கு வீடு என்று சொல்லத் தக்கதாக ஒன்றும் இல்லை. அவனை வளர்த்தது அடிமைமுறையை நியாயம் என்று நம்பிய ஊர். தப்பியோடிய அடிமை ஜிம்முக்கு உதவுவது பாவம் என்றே அவனும் நம்புகிறான். ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவனுடைய உடைமைக்காரிக்குக் கடிதம் எழுதுகிறான். பிறகு அந்த மனிதன் தன்னிடம் காட்டிய அன்பை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துவிடுகிறான். நல்லது செய்யும் கணத்தில், தான் தீமை செய்வதாகவே அந்தப் பிள்ளை நம்புகிறான். இதைவிட ஆழமாக ஒரு சிறுவனின் மனத்துக்குள் இறங்கிய எழுத்து குறைவு. உங்கள் சிறுவனோ, தான் செய்வது சரி என்று முன்கூட்டியே முழுமையாக அறிந்திருக்கிறான். பெரியவருக்கே வாய்க்காத தெளிவு அது.

நான் மாற்றச் சொல்வது வண்டிக் காட்சியை. இருட்டு, லாந்தர், மாட்டின் மணி எல்லாம் விறுவிறுப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றில் மகன் என்ற உறவு இல்லை. தெருவில் போகிற எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி அது. நம் வீடுகளில் சாமான்களுக்கு எழுதி வைத்த கணக்கு உண்டல்லவா? அந்த நோட்டை அவன் கையில் கொடுங்கள். தூக்குப் போகணி, பூண் போட்ட செம்பு, குத்துவிளக்கு என்று வரிசையாக எழுதிய பக்கத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'உடைந்தது' என்று இருக்கட்டும். எந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அவன் எழுதப் பழகினானோ, அதே கையெழுத்து. பித்தளைச் செம்பு எப்படி உடையும் என்று அவன் யோசிக்கும் அந்த ஒரு நிமிடம் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடியில் பழைய சாமான்கள் விற்கும் ஒரு கடையில் பித்தளைத் தூக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே வெட்டியிருந்த பெயரெழுத்துகளை யாரோ அரம் கொண்டு தேய்த்திருந்தார்கள். நேராகப் பார்த்தால் வெறும் கீறல். வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்தபோது ஓர் ஆச்சியின் பெயரின் முதலெழுத்து தெரிந்தது. விற்றவருக்கு அதை அழிக்கவும் மனம் வரவில்லை, விட்டுவைக்கவும் துணிவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கதையின் அப்பச்சியிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அரைகுறைத் தேய்ப்பைத்தான்.

இனி முடிவு. சிறுவன் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் காவல்காரர் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இது பங்காளிகளுக்குள் தீர்த்துக்கொள்ளும் சொத்துத் தகராறு. அவர் இருப்பதால் குற்றமற்ற ஒருவரின் சோறும் மானமும் பறிபோகும் விவகாரம். கதை முழுவதிலும் அவருக்கு நீங்கள் ஒரு பெயர்கூடக் கொடுக்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர் கொடுங்கள், சிறுவனை அவர் தோளில் தூக்கிக்கொண்டு நகரச் சிவன் கோயிலுக்குப் போன ஒரு மாலையை எழுதுங்கள். அப்போது தராசின் இரண்டு தட்டிலும் அன்பே இருக்கும். அதோடு, ஐயாவிடம் போவதற்கு முன் அவன் அப்பச்சியிடம் போகட்டும். நோட்டைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்து, "அப்பச்சி, இது உடையவில்லையே?" என்று கேட்கட்டும். அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பதிலை எழுதும்போது உங்கள் மனைவியின் கோபத்துக்கும் நண்பரின் நியாயத்துக்கும் கதையில் இடம் கிடைத்துவிடும்.

கேள்வி: குடும்பத்துக்காக எதையும் செய்யலாம் என்பதுதானே நம் மரபு? பிள்ளையின் மனச்சாட்சி என்பதே வெளிநாட்டுக் கதைகளிலிருந்து வந்ததல்லவா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: இல்லை. "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்பது 656ஆம் குறள். இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், முதிய பெற்றோர் பசியால் வருந்தும்போது தீயன செய்தேனும் காக்கலாம் என்ற அறநூற் பொதுவிதி இருப்பதை மறைக்காமல் சொல்லி, அது அமைச்சர்க்குப் பொருந்தாது என்கிறார். தாயின் பசியை ஒரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்த மரபு இது. உரைகாரருக்கே அவ்வளவு கனத்த அந்தக் குறள், அமைச்சனாக இல்லாத ஒரு சிறு பிள்ளைக்கு எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கதை பிறக்கும் இடம் அதுவே.

கேள்வி: காரைக்குடிக் கம்பன் விழாவில், செஞ்சோற்றுக்கடன் தீர்த்த கும்பகருணனா, அறத்தின் பக்கம் போன வீடணனா என்ற வாதத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். அவர்கள் பெரியவர்கள். கம்பனில் இப்படித் தவிக்கும் சிறுவன் உண்டா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: பிரகலாதன் உண்டு, ஆனால் அவன் தவிப்பதில்லை. தீயும் யானையும் பாம்பும் ஏவப்பட்டபோதும் அவன் உள்ளம் ஒரு கணமும் அசையவில்லை. தவிப்பு அக்கதையைச் சொல்கிறவனிடம் இருக்கிறது. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையை யுத்த காண்டத்தில் அமைத்த கம்பர், அதை வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்லவைக்கிறார். அண்ணனைப் பிரியும் விளிம்பில் நிற்கும் தம்பி, தந்தையை மறுத்த மகனின் கதையைச் சொல்கிறான். தீயவன் அழிவான் என்று எச்சரிக்கவே சொன்னான். இராவணனோ, தந்தையின் உடல் பிளக்கப்படக் கண்டு மகிழ்ந்த அந்த மகனுக்கு நிகர் நீதான் என்று திருப்பி அடிக்கிறான். ஒரே கதை, சொன்னவன் நெஞ்சில் அறமாகவும் கேட்டவன் செவியில் துரோகமாகவும் ஆகிவிடுகிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழக மேடையில் அந்த வாதம் இத்தனை காலமாகியும் சலிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அடுத்த பங்குனியில் அந்தப் படலத்தை ஒரு முறை படித்துவிட்டு விழாவுக்குப் போங்கள்.

கேள்வி: பிரகலாதன் கதையைச் சொன்னபோது என் 8 வயதுப் பேத்தி, "அவனோட அப்பச்சி செத்ததுக்கு அவன் அழலையா, ஆயா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
– நாட்டரசன்கோட்டை வாசகி

பதில்: உங்கள் பேத்தி பெரிய கேள்வி கேட்டிருக்கிறாள், அவளை முத்தமிடத் தோன்றுகிறது. பாகவதத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. வரம் கேள் என்று நரசிம்மர் சொல்லும்போது, தனக்கென்று எதுவும் வேண்டாத அந்தப் பிள்ளை, தன்னைக் கொல்லத் துணிந்த தந்தையின் பாவம் நீங்க வேண்டும் என்று கேட்கிறான். பிறகு, மகன் செய்ய வேண்டிய ஈமக் கடன்களையும் அவனே செய்கிறான். அவன் அழுதானா என்று உறுதியாகச் சொல்ல வேண்டாம். அந்த இரண்டையும் மட்டும் சொல்லிவிட்டு, அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.