எழுத்து தெரியாதவருக்கு எப்படிப் பயிற்சி தருவது?

கேள்வி: அல்சூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறோம். எங்களிடம் வேலை செய்யும் ஒன்பது பேரில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த மூன்று அம்மாக்களுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. பாத்திரம் கழுவும் ஒடிசா தம்பிக்குத் தமிழே அரைகுறைதான். எல்லோரும் தேர்வு எழுதி உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று ஒரு முகவர் சொல்கிறார். இவர்களை வேலையிலிருந்து நிறுத்த மனம் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, பெங்களூரு

பதில்: நிறுத்தவே வேண்டாம், அம்மா. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் என்னும் பயிற்சித் திட்டப்படி, உரிமம் பெற்ற உணவகத்தில் 25 பணியாளர்களுக்கு ஒருவர் வீதம் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். உங்கள் மெஸ்ஸுக்கு நீங்கள் ஒருவரே அந்தப் பயிற்சியை முடித்தால் போதும். பணியாளர்கள் ஒன்பது பேருக்கும் கற்றுக்கொடுப்பது பிறகு உங்கள் பொறுப்பு. சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும், உரிய கால இடைவெளியில் டைஃபாய்டு தடுப்பூசியும் மட்டும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தேவை.

கற்றுக்கொடுப்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. நான் பார்த்த ஒரு சமையற்கூடத்தில், பணியாளர்களின் கையில் சிறிது எண்ணெயும் மஞ்சள் தூளும் தடவி, வழக்கம்போல் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் அம்மா கையை நீட்டியபோது, உள்ளங்கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணிலும் கட்டைவிரல் அடியிலும் மோதிரத்தின் கீழும் மஞ்சள் அப்படியே இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மோதிரத்தைக் கழற்றி முடிச்சில் வைத்துக்கொண்டு, மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தார். சுவரில் எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் இந்தப் பாடம் வராது.

உங்கள் ஊரில் நான் மிகவும் அஞ்சுவது, மீந்த மதியச் சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்து, காலையில் சித்ரான்னம் கிளறுவதைத்தான். அரிசியிலுள்ள பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை; சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ‘நன்றாகச் சூடு பண்ணிவிட்டோமே’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது என்பதை ஏன், எப்படி என்று எடுத்துச் சொல்லுங்கள். காரணம் புரிந்தவர், நீங்கள் இல்லாத நேரத்திலும் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைப்பார். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். எண் படிக்கத் தெரியாதவருக்கு வெப்பமானியில் அந்த இரண்டு இடங்களிலும் சிவப்பு, நீல நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கொடுங்கள். இறைச்சிக்கும் காய்கறிக்கும் வெவ்வேறு நிறத்தில் வெட்டுப் பலகை வாங்குவதும் இதே வழிதான்.

படங்களை மாட்டுவதற்கு முன் அவர்களிடமே காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். பெருக்கல் குறி ‘கூடாது’ என்பதைக் குறிக்கும் என்று பள்ளிக்கூடம் போகாதவருக்குத் தானாகத் தெரியாது. ஃபினாயிலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். லேபிள் படிக்க முடியாதவருக்குப் பாட்டிலின் உருவம்தான் எழுத்து.

அந்த ஒடிசா தம்பிக்குச் செய்து காட்டுங்கள். பிறகு அவரையே மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். தேர்வு அதுதான். முடிந்ததும் ஒரு நோட்டில் தேதியையும் காட்டிய பாடத்தையும் நீங்கள் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள்; ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் உங்கள் சான்றிதழோடு சேர்த்துக் காட்டலாம்.