அந்த அப்பாவும் குடிகார டாக்டரும் ஒரே நடிகர்தான்

வணக்கம் நண்பரே. 'கான் வித் தி விண்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகி ஸ்கார்லெட்டின் அப்பாவாக வருபவரும், 'ஸ்டேஜ்கோச்' படத்தின் குடிகார டாக்டரும் ஒருவரா, பெயர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரேதான். தாமஸ் மிட்செல்.

உங்களுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. 1939 என்ற ஒரே ஆண்டில் அவர் நடித்த ஐந்து பெரிய படங்கள் வெளிவந்தன. நீங்கள் கேட்ட இரண்டும் போக, 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் நிருபர், 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' படத்தில் விமானி, 'ஹஞ்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்' படத்தில் பிச்சைக்காரர்களின் தலைவன். நிருபர் வேடம் அவருக்குப் புதிதல்ல. நாடகத்துக்கு வருமுன் பத்திரிகையில் வேலை பார்த்தவர்.

டாக்டர் வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. பிரசவக் காட்சியை மறுபடி பாருங்கள். காபியை மேல் மேலாகக் குடித்துப் போதையை இறக்கிவிட்டு உள்ளே போவார். அதுவரை சிரிக்க வைத்த மனிதர் அங்கே முழு மருத்துவராகிவிடுவார். எனக்கு அவர் நடிப்பில் மிகப் பிடித்த இடம் அது.

1953ல் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார். ஆஸ்கரோடு சேர்த்து இந்த மூன்று விருதுகளையும் பெற்ற முதல் ஆண் நடிகர் அவர்தான். அடுத்து 1946ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' பாருங்கள். 8,000 டாலரைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் சித்தப்பா பில்லி அவரே.